மெத்தை அடித்த கதவு

பிப்ரவரி 2, வெள்ளி

இதை இங்கே எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இது என் நோட்டு இல்லை, பட்டறையின் நோட்டு. முன்பக்கத்திலிருந்து நான் எழுதுவதெல்லாம் அன்றைக்கு யார் வாசித்தார்கள், எந்த மைக் கரகரத்தது, எந்த ஒயர் அறுந்தது என்பதுதான். மறுநாள் மதியம், பட்டறையை நடத்துகிற மெல்வின் சார் டீ குடித்துக்கொண்டே அதைப் படித்துவிட்டு, சிவப்பு மையில் ஒரு வரி பதில் எழுதுவார். அவருக்குக் காது கிட்டத்தட்டப் போய்விட்டது. முப்பது வருடம் டிரம்ஸுக்குப் பக்கத்திலேயே நின்றவர். வாய் அசைவைப் பார்த்து இங்கிலீஷ் புரிந்துகொள்வார். "தமிழ் ரொம்ப ஸ்பீடு, கேர்ல். எழுதிடு" என்பார். வாயைத் திறக்கவே பயப்படுகிற எனக்கு அது பெரிய வசதி.

இன்று நோட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அவர் இந்தப் பக்கம் வரமாட்டார்.

விஷயம் இதுதான். பட்டறையை மூடப்போகிறார்கள். கட்டடத்தை விற்றாகிவிட்டது, மார்ச்சில் இடிப்பார்களாம். அடுத்த சனிக்கிழமை, பத்தாம் தேதி, கடைசி நிகழ்ச்சி.

புதுப்பேட்டையில் காஜா பாயின் லாரி ஸ்பிரிங் பட்டை கடைக்குக் கீழே இருக்கிற நிலவறைதான் பட்டறை. பங்க் என்கிற முரட்டு ராக் இசைக்கென்றே முப்பது வருடமாக நடக்கிற ஒரே இடம். பெங்களூரிலிருந்தும் ஷில்லாங்கிலிருந்தும்கூட இங்கே வாசிக்க வந்திருக்கிறார்கள். நான் இங்கே மூன்று வருடமாக, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரில் உட்கார்ந்திருக்கிறேன். 'பங்க்கில் வேலை' என்று அப்பா தெருவில் சொல்லப்போய், எந்த கம்பெனி பெட்ரோல் என்று கேட்டார்கள். இப்போது 'ஆடியோ இன்ஜினியர்' என்று சொல்கிறார்.

மெல்வின் சாரிடம் ஒன்று கேட்க வேண்டும். இப்போது முடியாது. கடைசியில் கேட்கிறேன்.

பிப்ரவரி 3, சனி

இன்றைய கூட்டம் நூற்று நாற்பது. உள்ளே நூற்றிருபது பேர்தான் நிற்கலாம். எண்ணுவது என் வேலை இல்லை, ஆனாலும் எண்ணுகிறேன்.

ஷட்டர் பாட்டை இன்றுதான் முதல்முறையாகக் கண்ணை மூடாமல் பார்த்தேன். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன் (யார் படிக்கப்போகிறார்கள்?): ஆரம்ப காலத்தில் போலீஸ் வந்து நிறுத்தச் சொன்னால், மெல்வின் சார் சரியென்று ஷட்டரை இறக்கிவிட்டு, விளக்கை அணைத்து, உள்ளே இன்னும் ஒரு பாட்டு போடுவாராம். அதுவே வழக்கமாகிவிட்டது. இப்போது போலீஸ் வந்தாலும் வராவிட்டாலும் கடைசிப் பாட்டுக்குக் காஜா பாய் தெருவில் நின்று ஷட்டரை இறக்குவார். உள்ளே கும்மிருட்டு. படிக்கட்டு வரைக்கும் ஆட்கள். பாட்டு முடிந்ததும் மெல்வின் சார் விளக்கைப் போடுவார், பாய் ஷட்டரை ஏற்றுவார். அந்த மூன்று நிமிடத்துக்காகத்தான் பாதிப் பேர் வருகிறார்கள்.

அந்த மூன்று நிமிடமும் என் மிக்சரின் சிறிய பச்சை விளக்குகள் மட்டும் எரியும். அந்த வெளிச்சத்தில் இன்று மேடைக்குப் பின்னால் இருக்கும் கறுப்புத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துணிக்குப் பின்னால் ஒரு கதவு இருக்கிறது. மூன்று வருடம் முன்பு அதில் தேங்காய்நார் மெத்தை வைத்து, மேலே பலகைச் சட்டம் போட்டு அடைக்கப்பட்டது. தெருவைவிடப் பள்ளமான பின்சந்தில் இருக்கும் ரமணி டீச்சரின் டியூஷன் வீட்டுக்குச் சத்தம் போகாமல் இருக்க. இப்போது வருகிறவர்களில் பலருக்கு அங்கே கதவு இருப்பதே தெரியாது.

வீட்டுக்குக் கடைசி ரயிலில் வந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

பிப்ரவரி 4, ஞாயிறு

எண்ணூர் வீடு. அம்மா மீன் கழுவினாள், நான் இரண்டு பக்கெட் துணி துவைத்தேன். அதற்குள் நான்கு பேர் வந்துவிட்டார்கள். ஒருவருக்கு ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வேண்டும். ஒருவருக்கு வங்கியிலிருந்து வந்த கடிதம் என்னவென்று சொல்ல வேண்டும். அப்பா கூடத்தில் நாற்காலி போட்டு வைத்திருக்கிறார், எனக்கு. அதற்கு மேலே சுவரில் என் முதல் பட்டதாரிச் சான்றிதழ், லேமினேஷன் செய்து. மற்றவர்கள் வீட்டில் அந்த இடத்தில் சாமி படம் இருக்கும்.

எதிர்வீட்டு சம்பூர்ணம் அக்கா மாத்திரை அட்டையை நீட்டினார். "மதி, இது காலையிலயா ராவுலயாம்மா? மருந்து கடக்காரன் இன்னாவோ சொன்னான், மறந்துட்டேன்."

"காலையில அக்கா."

"அப்டியா, சரி." அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டார்.

சாப்பிட உட்கார்ந்தபோது சந்தேகம் வந்தது. சோற்றை வைத்துவிட்டு ஓடிப்போய் மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். இரவு என்று இருந்தது. சொன்னேன். "அப்டியா, சரி" என்றார். முதலில் சொன்னதற்கும் அதே சரி, பிறகு சொன்னதற்கும் அதே சரி.

தெருவில் நான் சொன்னதை யாரும் மறுத்ததே இல்லை. அம்மா, அப்பா, தம்பி, யாருமே. இதைப் பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 5, திங்கள்

இருபத்தெட்டு ஒயர்களையும் துடைத்துச் சுற்றினேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

டார்வின் அண்ணன் வந்தார். சனிக்கிழமை கடைசியாக வாசிக்கப்போகிற 'கரண்ட் கட்' குழுவின் பாடகர் அவர். பதினேழு வயதில் இங்கேதான் முதலில் பாடினாராம். இப்போது நாற்பது வயது, தலையில் பாதி வழுக்கை, மீதியில் பச்சைச் சாயம். போனைத் தூக்கி மெல்வின் சார் முகத்துக்கு நேரே காட்டினார்.

"மெல்லு, பாரு. நானூறு பேர் வரேன்னு போட்டுக்கீறாங்க. துபாய்லேந்து ரெண்டு பேர் டிக்கெட் போட்டுட்டானுங்க."

மெல்வின் சாருக்குக் கண் கலங்கியது. "வரட்டும் மென். பட்டறையில யாரையும் திருப்பி அனுப்புனதில்ல. கடைசி நாள் அனுப்புவேனா?"

காஜா பாய் படியில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். மெல்வின் சாருக்குப் புரியும்படி கையால் காட்டிக் காட்டி, மெதுவாகச் சொன்னார். "நானூறு பேர எங்க நிக்க வெப்ப? ஒருத்தன் தோள்ல ஒருத்தனா? ஷட்டர் வேற மக்கர் பண்ணிகினு கீது. ரைட் சைடு பட்டை ட்ராக்க வுட்டு வெளிய வருது."

"கொஞ்சம் ஆயில் வுடு, பாய்" என்றார் மெல்வின் சார்.

"உனக்கும் எனக்கும் ஆயில் வுட்டாலே ஓடாது. இதுக்கு வுட்டா ஓடுமா?"

மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதே அந்தக் கதவைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். மூன்று பேரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த அந்த நொடியில் நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

அவர்கள் போனபிறகு நோட்டின் முன்பக்கத்தில் எழுதினேன்: 'பின் கதவு'. அதற்குமேல் பேனா நகரவில்லை. அடித்துவிட்டு, 'பின் ஸ்பீக்கர் இரைகிறது' என்று எழுதிவைத்தேன். எந்த ஸ்பீக்கரும் இரையவில்லை.

பிப்ரவரி 7, புதன்

சிவப்பு மையில் பதில்: 'மாத்திடு.' நன்றாக இருந்த ஸ்பீக்கரைக் கழற்றி வேறொன்றை மாட்டினேன். என் பொய்க்கு ஒரு மணி நேர வேலை.

மதியம் யாரும் இல்லாதபோது கறுப்புத் துணிக்குப் பின்னால் நுழைந்தேன். மெத்தை மேல் அடித்த சட்டங்களில் மொத்தம் நாற்பது ஸ்க்ரூ. துருப்பிடித்திருக்கின்றன. பதினொன்று கழற்றினேன். உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. கழற்றியதை என் டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு வந்தேன். அம்மா டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து, "இன்னாடி இது?" என்றாள். "வேலை" என்றேன். "சரி" என்றாள்.

சனிக்கிழமை எழுதியதில் 'அடைக்கப்பட்டது' என்று எழுதியிருக்கிறேன். இப்போது படித்தால் வெட்கமாக இருக்கிறது. அடைத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

நான் சேர்ந்த இரண்டாவது மாதம். ரமணி டீச்சர் போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டார், பட்டறையை மூடவேண்டிய நிலை. யாருக்கும் வழி தெரியவில்லை. நான் நோட்டில் எழுதினேன்: 'சத்தம் பின் கதவு வழியாகத்தான் கசிகிறது. தேங்காய்நார் மெத்தை இரண்டு அடுக்கு வைத்துச் சட்டம் அடித்தால் நின்றுவிடும்.' கீழே படம்கூட வரைந்திருந்தேன். மறுநாளே அடித்தார்கள். நின்றுவிட்டது. அந்தப் பக்கத்தில் சிவப்பு மை: 'சபாஷ்! படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்!' அதன்கீழ் இரண்டு கோடு.

அந்தப் பக்கத்தை எத்தனை முறை திறந்து பார்த்திருப்பேன் என்று சொல்லமாட்டேன்.

கணக்கு சரிதான். சத்தம் நின்றது. அந்தக் கதவு வேறு எதற்கு இருக்கிறது என்று நானும் யோசிக்கவில்லை, யாரும் என்னைக் கேட்கவும் இல்லை.

பிப்ரவரி 8, வியாழன்

இன்று ரமணி டீச்சர் வீட்டுக்குப் போனேன். கதவை உள்ளேயிருந்து திறந்தால் மட்டும் போதாது. அது வெளிப்பக்கமாக, அவர் முற்றத்துக்குள் திறக்கிற கதவு. மூன்று வருடமாக அதன்மேல் சாய்த்துப் பழைய பெஞ்சுகளை அடுக்கி வைத்திருக்கிறார்.

சொல்ல வேண்டியதைச் சந்து முனையிலிருந்து வாசல் வரைக்கும் மனப்பாடம் செய்தேன். 'டீச்சர், சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் பெஞ்சை நகர்த்தித் தர முடியுமா?'

பிளஸ் டூ பிள்ளைகள் பதினைந்து பேர் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"நிறைமதிதானே? அந்தச் சத்தத்தை நிறுத்திக் குடுத்த பொண்ணு! வா, வா. பிள்ளைங்களா, நிமிர்ந்து பாருங்க. இந்த அக்கா யாருன்னு தெரியுமா? இவங்க வீட்டுல முதல் பட்டதாரி. அப்பா தண்ணி லாரி ஓட்டுறார். படிச்சதை வெச்சு என் பிரச்சினையை ஒரே நாள்ல தீர்த்தாங்க. போலீஸால முடியல."

பதினைந்து முகங்கள் நிமிர்ந்தன. கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பெண் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். நானும் யாரையோ அப்படிப் பார்த்திருக்கிறேன்.

"என்ன விஷயமா வந்தே?"

"சும்மா டீச்சர். சனிக்கிழமை கடைசி நாள். சொல்லிட்டுப் போலாம்னு."

"சத்தம் வராதே? இவங்களுக்கு அன்னிக்கு ராத்திரி பத்து மணி வரைக்கும் டெஸ்ட். வந்துச்சுன்னா நான் நேரா ஸ்டேஷனுக்குத்தான் போவேன். கடைசி நாளாவது, முதல் நாளாவது."

"வராது டீச்சர்."

டீ கொடுத்தார். குடித்தேன். பெஞ்சுகளைப் பார்த்தேன். பதினாறு, ஒன்றன்மேல் ஒன்றாக. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

முப்பத்தொன்று கழற்றியாகிவிட்டது, மீதி ஒன்பது. இனி எடுத்தால் மெத்தை சாய்ந்துவிடும், எல்லோருக்கும் தெரிந்துவிடும். தெரிந்தால் சத்தம் போகும், டீச்சர் ஸ்டேஷனுக்குப் போவார், துபாயிலிருந்து வருகிறவர்கள் முன்னால் கடைசி நிகழ்ச்சி நின்றுபோகும். என்னால்.

தெரியாவிட்டால்? அதை எழுத மாட்டேன்.

இரவு தூங்கவில்லை. அப்பாவின் குறட்டை நின்று நின்று வந்தது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் எழுந்து உட்கார்ந்தேன்.

பிப்ரவரி 10, சனி, மதியம் மூன்று மணி

மைக் எல்லாம் சரி. இரண்டு ஏசியில் ஒன்று ஓடவில்லை. தெருவில் இப்போதே ஐம்பது பேர்.

பிப்ரவரி 11, ஞாயிறு

வீட்டில் இருக்கிறேன். குரல் போய்விட்டது. நோட்டு கையில் இல்லாததால் தனித்தாளில் எழுதுகிறேன். நேற்று நடந்ததை நடந்தபடியே எழுதப் பார்க்கிறேன்.

எட்டு மணிக்கு முந்நூறு வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். கூரையிலிருந்து வியர்வை சொட்டியது. எல்லோருடைய வியர்வையும் மூச்சுக்காற்றும் கான்கிரீட்டில் பட்டு நீராகி விழுந்துகொண்டிருந்தன. ஒருவர் கையைத் தூக்கினால் மறுபடி இறக்க இடமில்லை. படிக்கட்டில் மேல்படி வரைக்கும் நெருக்கமாக நின்றார்கள். எனக்குக் கண்ணில் பட்டதெல்லாம் தலைகள்தான். தலைகளுக்கு அப்பால் கறுப்புத் துணி.

ஒன்பதே முக்காலுக்கு டார்வின் அண்ணன் சொன்னார்: "இது கடைசி. காஜா பாய், இறக்கு!" முந்நூறு பேரும் "இறக்கு! இறக்கு!" என்று கத்தினார்கள். ஷட்டர் இறங்கும் சத்தம் எனக்கு முதுகில் கேட்டது. விளக்கு அணைந்தது.

அந்த மூன்று நிமிடமும் எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. கை மட்டும் தானாக வேலை செய்தது. பாட்டு நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

முடிந்தது. விளக்கு வந்தது. ஷட்டர் வரவில்லை.

முதலில் மேலே 'டங், டங்' என்று சத்தம். பாய் வெளியிலிருந்து கடப்பாரையால் அடித்துக்கொண்டிருந்தார். மேல்படியில் இருந்தவர்கள் ஷட்டர்மேல் சாய்ந்திருந்ததால் வலதுபக்கப் பட்டைகள் தடத்தைவிட்டு வெளியே வந்து மடங்கிவிட்டன. மேலேயும் ஏறாது, கீழேயும் இறங்காது. மேலே இருந்தவர்கள் கீழே வரப் பார்த்தார்கள், கீழே இருந்தவர்கள் மேலே போகப் பார்த்தார்கள். ஒரு பெண் அலறினாள். பிறகு நிறையப் பேர்.

மெல்வின் சார் மேடையோரத்தில் நின்றிருந்தார். எல்லோரும் கத்துவதைப் பார்த்தார். அவருக்குச் சத்தம் இல்லை. திறந்த வாய்கள் மட்டும்தான். முப்பது வருடமாக அவர் பார்த்த அதே முகங்கள். அவர் சிரித்தார். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கித் தட்டினார். என்னைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார்: இன்னும் ஒரு பாட்டு.

என் வாழ்நாளில் அதைவிடப் பயங்கரமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

எல்லா ஒலியையும் கீழே இழுத்தேன். மேடையிலிருப்பவர்களுடன் பேசுவதற்கு மிக்சரில் ஒரு சின்ன மைக் உண்டு. மூன்று வருடத்தில் அதில் 'செக்' என்பதைத் தவிர நான் வேறு எதையும் சொன்னதில்லை. அதை எடுத்தேன், பெரிய ஸ்பீக்கர்களுக்குத் திருப்பினேன்.

"எல்லாரும் ஒரு நிமிஷம்."

என் குரல் அந்தச் சுவர்களில் மோதித் திரும்பி வந்தபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

"யார்ரா அது பேசறது?"

"மிக்சர்ல குந்திகினு இருக்குமே, அந்தப் பொண்ணுடா."

"அது பேசுமா?"

"மேல ஏறாதீங்க. நின்ன எடத்துலயே நில்லுங்க. மேடைக்குப் பின்னாடி ஒரு கதவு இருக்கு. கறுப்புத் துணிக்குப் பின்னாடி. மெத்த வெச்சு அடிச்சிருக்கு. அடைக்கச் சொன்னது நான்தான். ஒம்போது ஸ்க்ரூதான் மிச்சம். டார்வின் அண்ணா, இழுங்க."

அவர் எதுவும் கேட்கவில்லை. துணியைக் கிழித்தார். அவரும் டிரம்மரும் இன்னும் நான்கு பேரும் சட்டத்தைப் பிடித்து இழுத்தார்கள். ஒரு ஸ்க்ரூ அவர் கையை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கீறியது. மெத்தை விழுந்தது. தாழ்ப்பாளைத் தட்டித் திறந்து தள்ளினார்கள்.

கதவு இரண்டு விரல் அகலம் திறந்து, நின்றுவிட்டது.

பெஞ்சுகள்.

"தொறக்கலடா!" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் மொத்தமாக ஒருமுறை அசைந்தது. என் மேஜை சுவரோடு போய் ஒட்டிக்கொண்டது. இடுப்பில் அடி. ஒரு பையனின் மூச்சு என் காதில் 'அம்மா, அம்மா' என்று வந்துகொண்டிருந்தது.

அந்த இரண்டு விரல் இடைவெளியைப் பார்த்தேன். மூன்று வருடம் அதன்வழியே ஒரு சொட்டுச் சத்தம் போகக் கூடாதென்று பார்த்துக்கொண்டவள் நான். மேடையில் பாடகருக்கு நேராக வைத்திருக்கும் ஸ்பீக்கரை டார்வின் அண்ணனிடம் சைகை காட்டி, கதவுப் பக்கம் திருப்பச் சொன்னேன். எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றினேன்.

"டீச்சர்! நான் நிறைமதி! பெஞ்ச எடுங்க டீச்சர்! உள்ள ஆளுங்க மாட்டிகிட்டாங்க! பெஞ்ச எடுங்க!"

எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது. புதுப்பேட்டை முழுக்கக் கேட்டதாம். பாய் சொன்னார், ரிச்சி தெருவரைக்கும் கேட்டிருக்குமென்று. அவர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்.

பிறகு அந்தப் பக்கம் மரம் தரையில் இழுபடும் சத்தம். ஒன்று. இரண்டு. டீச்சரின் குரல்: "நீ அந்தப் பக்கம் பிடி. தூக்கு. இழுக்காத, தூக்கு!" பதினாறு பெஞ்சுகளையும் அந்தப் பதினைந்து பிள்ளைகள் நகர்த்தினார்கள். கதவு திறந்தது. குளிர்ந்த காற்று உள்ளே வந்தது. அதில் மல்லிகை வாசனையும் சாக்கடை வாசனையும் கலந்திருந்தன. இரண்டுமே நன்றாக இருந்தன.

கூட்டம் கதவை நோக்கிப் பாயப் போனது. வாசலில் ரமணி டீச்சர் மரஸ்கேலோடு நின்றார்.

"ரெண்டு ரெண்டு பேரா! தள்ளினா வெளியே விடமாட்டேன்! ஏய், பச்சைத்தலை! நீ பெரியவன்தானே? அந்தப் பொண்ணை முன்னாடி விடு!"

"சாரி மிஸ்" என்றார் டார்வின் அண்ணன், கையில் ரத்தம் வடிய.

உடம்பெல்லாம் பச்சை குத்திக்கொண்டவர்களும் மூக்கில் ஊக்கு மாட்டியவர்களும் இரண்டு இரண்டு பேராக, தரையில் கிடந்த வேதியியல் விடைத்தாள்களை மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஒருவன் திரும்பிப் பார்த்து, "ஆல் த பெஸ்ட் தங்கச்சி" என்றான். மயங்கிய பெண்கள் இரண்டு பேரை பெஞ்சில் படுக்கவைத்து, கடைசி பெஞ்சுக்காரி பரீட்சை அட்டையால் விசிறினாள். இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள். காஜா பாய் ஷட்டரை வெட்டித் திறந்தபோது உள்ளே நானும் மெல்வின் சாரும்தான் இருந்தோம்.

அவர் மெத்தையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன நடந்தது என்று கையால் கேட்டார். எனக்குக் குரல் வரவில்லை. நோட்டும் எங்கே போனதென்று தெரியவில்லை.

பிப்ரவரி 12, திங்கள்

நோட்டை மிக்சர் மேஜைக்கு அடியிலிருந்து எடுத்தேன். ஒரு ஷூ தடம் அட்டையில் பதிந்திருக்கிறது. நேற்று எழுதிய தாள்களை உள்ளே ஒட்டிவிட்டேன்.

மெல்வின் சார் படியில் டீயோடு உட்கார்ந்திருந்தார். டார்வின் அண்ணன் எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொல்லிவிட்டாராம். என் தலையில் கைவைத்தார்.

"நீ மைக்ல பேசினியாமே, கேர்ல். முந்நூறு பேரக் காப்பாத்திட்டியாமே. எனக்குத்தான் கேக்கல. சை!"

காஜா பாய் போகிற வருகிற ஆட்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "இந்தப் பொண்ணுதான்" என்கிறார். டீச்சர் இனிப்பு அனுப்பினார். நேற்று அப்பாவுக்கும் விஷயம் போய்விட்டது. சான்றிதழைத் துடைத்து மாட்டினார். 'அடைக்கச் சொன்னது நான்தான்' என்று ஸ்பீக்கரில் சொன்னேன். முந்நூறு பேர் கேட்டார்கள். ஒருவர்கூட அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த வாக்கியம் மட்டும் யாருக்கும் கேட்காதது போல.

மதியம் நோட்டை வாங்கி மெல்வின் சார் முன்பக்கத்தில் சிவப்பு மையில் நீளமாக எழுதினார். இதுவரை ஒரு வரிக்கு மேல் எழுதாதவர்: 'சபாஷ். பெரம்பூரில் ஒரு பழைய கல்யாண மண்டபம் பார்த்திருக்கிறேன். திரும்ப ஆரம்பிக்கலாம். நீ ஒருநாள் போய்ப் பார். நீ ஓகே என்று எழுதினால் போதும், கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவேன்.'

படித்ததும் சனிக்கிழமை இரவைவிட அதிகமாகப் பயந்தேன்.

அதனால் இந்த நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, இந்தப் பக்கம் மேலே இருக்கும்படி உங்கள் மேஜைமேல் வைத்துவிட்டுப் போகிறேன். சார், இதையெல்லாம் படித்துவிடுங்கள். தமிழ்தான், ஆனால் நின்று நிதானமாக எழுதியிருக்கிறேன். ஏழாம் தேதியை இரண்டு முறை படியுங்கள்.

மண்டபத்தைப் போய்ப் பார்க்கிறேன். எத்தனை கதவு, எந்தப் பக்கம் திறக்கும் என்றும் எழுதுகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், முதலிலிருந்தே கேட்க நினைத்தது: நான் எழுதியதற்குக் கீழே சபாஷ் போடுவதற்கு முன்னால், ஒரே ஒரு கேள்வி போடுங்கள் சார். சிவப்பு மையிலேயே.